தம்பியின் மீடியா படிப்புக்கு 9 லட்சம் கடன்: அக்கா கையெழுத்துப் போடலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், கைக்கு வருவது மாதம் 22,000 ரூபாய். அப்பா பூட்டுப் பட்டறையில் கூலிக்குப் போகிறார், வருமானத்துக்குக் காகித ஆதாரம் எதுவும் கிடையாது. அம்மா பெயரில் தாத்தா கொடுத்த ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த தம்பி பிளஸ் டூவில் 82 சதவீதம் வாங்கியிருக்கிறான். சுற்று வட்டாரக் கபடிப் போட்டிகளில் மைக் பிடிப்பது அவன்தான். டி.வி.யில் வர்ணனையாளர் ஆக வேண்டும், அதற்கு மீடியா டிகிரிதான் படிப்பேன் என்கிறான்.

சென்னைக்கு அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா படிப்புக்கு ஏஜென்ட் ஒருவர் சீட் பேசி முடித்திருக்கிறார். மூன்று ஆண்டுக் கட்டணம் 6 லட்சம், ஹாஸ்டலும் சாப்பாடும் 3 லட்சம், லேப்டாப், கேமராவுக்கு 50,000. மொத்தம் ஒன்பதரை லட்சம். வங்கி 10.5 சதவீத வட்டியில் 9 லட்சம் தரச் சம்மதித்திருக்கிறது. அதற்கு அம்மாவின் வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும், அக்கா கோ-ஆப்ளிகண்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். மீதி மார்ஜின் தொகை, அதாவது குடும்பம் தன் பங்காகப் போட வேண்டிய பணம், வளைகுடா வேலைக்கான ப்ரோமெட்ரிக் தேர்வுக்காக அக்கா சேர்த்து வைத்திருக்கும் பணத்திலிருந்து போக வேண்டும். முன்பணமாக 25,000 ஏற்கெனவே கட்டியாயிற்று. இதற்கிடையில் அவருக்கு வரன் பார்க்கிறார்கள்.

“இந்தப் படிப்புக்குச் சம்பளம் கிடைக்குமா? அவன் கட்டாவிட்டால் என்னைக் கேட்பார்களா? வட்டியை அரசாங்கமே கட்டிவிடும் என்று ஏஜென்ட் சொல்வது உண்மையா? நான் மறுத்தால் அவன் எதிர்காலத்தைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆக மாட்டீர்கள். ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுப்பதும் தம்பியின் படிப்பைத் தடுப்பதும் ஒன்றல்ல. அவன் மீடியா படிக்கலாம், தாராளமாகப் படிக்கட்டும். இந்தக் கல்லூரியில், இந்தத் தொகைக்கு, உங்கள் வீட்டை வைத்துப் படிக்க வேண்டுமா என்பதைத்தான் நாம் யோசிக்கிறோம். உங்கள் வீட்டில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஏஜென்டுக்கு அந்தக் குழப்பம் வசதிதான்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஆண்டுக்கு 3 லட்சமாக மூன்று தவணைகளில் பணம் கல்லூரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 3 ஆண்டுகளும் அதற்குப் பிறகு 1 ஆண்டும் நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் 3 லட்சத்துக்கு 4 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 3, கடைசியாக வந்ததற்கு 2. தனிவட்டியாகவே போட்டாலும் 2,83,500 ரூபாய் சேர்ந்துவிடும். அதாவது முதல் ஈ.எம்.ஐ. தொடங்கும் அன்று கடன் 9 லட்சம் அல்ல, ஏறக்குறைய 11 லட்சத்து 84 ஆயிரம். 10 ஆண்டில் கட்டினால் மாதம் 16,000-க்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் 19 லட்சத்துக்கு மேல். 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 13,100, மொத்தம் இருபத்து மூன்றரை லட்சம்.

இதில் ஹாஸ்டல் செலவை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த 3 லட்சத்தை 15 ஆண்டுத் தவணையில் கட்டி முடிக்கும்போது 7 லட்சத்து 85 ஆயிரம் ஆகியிருக்கும். மெஸ் சாம்பாருக்கு உங்கள் தம்பி தன் 36 வயது வரை தவணை கட்டிக்கொண்டிருப்பான். கட்டணத்தைப் பற்றி வாதாடும் குடும்பங்கள்கூட இந்த ஹாஸ்டல் வரியைக் கவனிப்பதே இல்லை. கடனில் மூன்றில் ஒரு பங்கு படிப்புக்கே போகவில்லை.

இப்போது வருமானப் பக்கம். சென்னையில் ஒரு தமிழ்ச் சேனலிலோ டிஜிட்டல் நிறுவனத்திலோ புதிதாகச் சேரும் வீடியோ எடிட்டர், டெஸ்க்கில் உட்காரும் உதவி ஆசிரியர், புரொடக்‌ஷன் உதவியாளர் போன்றவர்களுக்கு மாதம் 15,000-ஐ ஒட்டி ஆரம்பிப்பது சகஜம். கொஞ்சம் கூடவும் கிடைக்கும், குறையவும் குறையும். சில இடங்களில் முதல் சில மாதம் ‘இன்டர்ன்’ என்ற பெயரில் பேட்டா மட்டும்தான். 15,000 என்றே வைத்துக்கொள்வோம். ஈக்காட்டுத்தாங்கலிலோ வடபழனியிலோ பகிர்ந்து தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 போகும். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் ஷேர் ஆட்டோ, போன், துணிமணி எல்லாம் போக மாதக் கடைசியில் மூவாயிரம் நின்றால் அவன் சிக்கனக்காரன். அவனிடம் வங்கி கேட்கப்போவது 16,000. வித்தியாசம் எங்கிருந்து வரும்? உங்கள் 22,000-இலிருந்துதான்.

இந்தத் துறையில் யாருமே நன்றாகச் சம்பாதிப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்து, நேரலை புரொடக்‌ஷனில் கேமராக் காட்சிகளை மாற்றித் தரும் ஸ்விட்சரைக் கையாள்வதிலோ ஒலிப்பதிவிலோ கிராஃபிக்ஸிலோ ஒரு வேலையில் கைதேர்ந்தவர்களுக்கு நல்ல சம்பளம் உண்டு. நிறுவனங்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பவர்கள், கல்யாண சீசனில் சொந்தக் கேமராவோடு சுற்றுபவர்கள் மாதச் சம்பளக்காரர்களைவிடக் கூடுதலாகவே பார்க்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும், அதுவும் சீராக ஏறாது. கடன் தவணையோ முதல் மாதத்திலிருந்தே ஒரே அளவு. சிக்கல் இந்தப் பொருந்தாமையில்தான் இருக்கிறது. இதே 9 லட்சத்தைத் தொடக்கத்திலேயே நல்ல சம்பளம் தரும் படிப்புக்கு வாங்கியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வர்ணனையாளர் வேலையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017-இல் வந்த பிறகு தமிழில் விளையாட்டு வர்ணனைக்கு ஒரு சந்தை உருவானது உண்மை. ஆனால் அந்த மைக்குக்கு முன் உட்காருபவர்களில் பெரும்பாலோர் முன்னாள் ஆட்டக்காரர்கள், அல்லது ஏற்கெனவே பெயர் வாங்கிய தொகுப்பாளர்கள். அங்கே யாரும் டிகிரி சான்றிதழைப் பார்த்து எடுப்பதில்லை, குரலையும் ஆட்டம் பற்றிய அறிவையும்தான் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், 2024 மே மாதத்தில் டிடி கிசான் சேனல் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இரண்டு தொகுப்பாளர்களைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் வேலை சுருங்கும். கபடி களத்தில் ரைடர் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று அந்த நொடியே கத்திச் சொல்லும் வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது என் கணிப்பு. தம்பியிடம் இருப்பது இரண்டாவது திறமை. அதை வளர்க்க ஒன்பதரை லட்சம் தேவையா என்பதை அவனே யோசிக்கட்டும்.

விளம்பரத்தாளில் உள்ள ‘5 லட்சம்’

பிராஸ்பெக்டஸில் ‘சராசரி ஆண்டுச் சம்பளம் 5 லட்சம்’ என்று போட்டிருப்பதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அனைத்துத் துறைகளும் சேர்த்து’ என்று இருப்பதைப் பார்த்தீர்களா? இன்ஜினீயரிங் மாணவர்களின் சம்பளத்தையும் மீடியா மாணவர்களின் சம்பளத்தையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கி வந்த எண் அது. நாலு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைத்தாலே சராசரி மேலே ஏறிவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒரு காகிதம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள் தங்கள் விவரங்களை எழுதிக் கொடுக்கின்றன. அதில் 3 ஆண்டு இளநிலைப் படிப்புகளுக்குத் தனி அட்டவணை உண்டு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். நடுமட்டம் என்றால் பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் அதற்குக் கீழ். இந்த ஆவணம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். இதிலும் எல்லா 3 ஆண்டுப் படிப்புகளும் சேர்ந்துதான் இருக்கும், ஆனாலும் பிராஸ்பெக்டஸுக்கு இது எவ்வளவோ மேல். அப்புறம் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு, சென்ற ஆண்டு எலக்ட்ரானிக் மீடியா முடித்தவர்களில் எத்தனை பேர் சேனலிலோ வானொலியிலோ புரொடக்‌ஷன் நிறுவனத்திலோ சேர்ந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். மீடியா மாணவருக்கு பி.பி.ஓ.வில் வேலை கிடைத்தாலும் அது ‘பிளேஸ்மென்ட்’ கணக்கில்தான் வரும். பதில் சுற்றி வளைத்து வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

‘கையெழுத்து மட்டும்தானே?’

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த வரி இது: “கடன் தம்பி பேரில்தான், நான் சும்மா சாட்சி மாதிரி.” இல்லை. கோ-ஆப்ளிகண்ட் என்றால் இணைக் கடன்தாரர். முழுத் தொகைக்கும் நீங்களும் அவனும் சமமாகப் பொறுப்பு. அவனிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. ஜாமீன்தாரராகப் போட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்.

நடைமுறையில் இது எப்படி வந்து நிற்கும்? இந்த 9 லட்சம் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் முழுதாக ஏறும். நாளைக்குக் கல்யாணமாகி நீங்களும் கணவரும் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், இந்த ஈ.எம்.ஐ.யைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் தகுதியைக் கணக்கிடுவார்கள். தம்பி ஒரு தவணை தாமதித்தால் உங்கள் ஸ்கோரும் இறங்கும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக மாறும். பத்திரம் வைத்த கடன் என்பதால் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அம்மா பெயரில் இருக்கும் ஓட்டு வீடு, அப்பா கூலிக்குப் போகும் குடும்பம். இதில் வீட்டைப் பணயம் வைக்கிற அளவுக்கு என்ன லாபம் எதிர்பார்க்கிறீர்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சலுகை தனக்கு, துணைவருக்கு, பிள்ளைகளுக்கு, அல்லது சட்டப்படி தான் காப்பாளராக இருக்கும் மாணவருக்கு வாங்கும் கடனுக்குத்தான். தம்பிக்காக அக்கா கட்டினால் கிடைக்காது. உங்கள் சம்பளத்துக்கு இப்போது வரியே வராது, ஆகவே விட்டுத்தள்ளுங்கள்.

வட்டியை அரசு கட்டுமா?

ஏஜென்ட் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு, அதுவும் நாக் போன்ற தர அங்கீகாரம் பெற்ற இடங்களில். பி.எஸ்சி. மீடியா அந்தப் பட்டியலுக்குள் வருமா என்பது வங்கிக்கு வங்கி இழுபறியாகும் விஷயம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அது தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. ஏஜென்ட் பேசி முடித்த சீட் என்றால் அது எந்தக் கோட்டா என்பதை முதலில் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: இரண்டு திட்டங்களிலுமே மானியம் படிக்கும் காலத்துக்கும் அதைத் தொடர்ந்த ஓராண்டுக்கும் மட்டும்தான். தவணை தொடங்கிய பிறகு வட்டி முழுவதும் உங்கள் தலையில்தான். “உங்கள் கடனுக்கு மானியம் உண்டு” என்று வங்கி மேலாளர் எழுதித் தந்தால் நம்புங்கள், வாய்ச்சொல்லாக யார் சொன்னாலும் இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

உங்களுக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன, அவற்றை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி அந்த வரம்புக்குள் மார்ஜின் பணமும் தேவையில்லை. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியின்கீழ் ஈடில்லாமல் தர முடியும். 9 லட்சம் கேட்டதால்தான் வீட்டுப் பத்திரம் என்ற பேச்சே வந்தது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) இலவசமாகப் புகார் அனுப்பலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

என் யோசனை, கடனைச் சிறிதாக்குங்கள். எவ்வளவு சிறிதாக? வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டில் தம்பி தானே கட்டக்கூடிய அளவுக்கு. பெரிய செலவு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதைப் பட்டப்படிப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அப்போது அவனுக்கும் தன் திசை தெரிந்திருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து தினமும் மதுரைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அமெரிக்கன் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது, மதுரையைச் சுற்றி வேறு கல்லூரிகளிலும் இருக்கிறது. கட்டணம், சீசன் டிக்கெட், ஒரு நல்ல லேப்டாப், பழைய கேமரா எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்குள் நிறுத்த முடியுமா என்று விசாரியுங்கள். முடிந்தால், அதே 10.5 சதவீதத்தில் தவணை தொடங்கும்போது கடன் 3 லட்சத்து 95 ஆயிரத்துக்குள் நிற்கும். 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் 6,650. முதல் ஆண்டு இழுபறியாக இருக்கும், ஆனாலும் சமாளிக்கலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பயணச் செலவுக்கு அது போதும்.

சினிமா, டி.வி. தொழில்நுட்பத்தில் ஆர்வம் இருந்தால் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 4 ஆண்டுப் பட்டப்படிப்பு, அரசுக் கட்டணம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும், இடங்கள் குறைவு, தேர்வு கடினம். கிடைக்காமல் போகலாம், ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடக் கூடாது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. மீடியாவுக்குள் நுழைய மீடியா டிகிரியே வேண்டும் என்பதில்லை. புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் டி.வி. பிரிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. டெல்லியில் மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யில் வானொலி, தொலைக்காட்சி இதழியலில் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியமோ வரலாறோ மிகக் குறைந்த செலவில் முடித்துவிட்டு, 21 வயதில் இந்த நுழைவுத் தேர்வுகளை எழுதலாம். தமிழில் பேசிப் பிழைக்க நினைப்பவனுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பது மோசமான யோசனை இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. வீட்டில் எதிர்ப்பு வரும், தெரியும்.

எந்த வழியில் போனாலும் இந்த மூன்று ஆண்டுகளில் அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: ஒலிவாங்கிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நிற்பது. ஊர்ப் போட்டிகளைப் பதிவு செய்து தன் வர்ணனையோடு யூடியூபில் ஏற்றட்டும். உங்கள் பக்கத்தில் கோடை பண்பலை 100.5 கேட்காத வீடு இருக்காது, மதுரை வானொலி நிலையமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இளைஞர் நிகழ்ச்சிகளில் பங்கேற்க எப்படி விண்ணப்பிப்பது என்று நேரில் போய்க் கேட்கட்டும். டிகிரி முடித்த பிறகு பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கான குரல் தேர்வுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். நாளை எந்தச் சேனலில் போய் நின்றாலும் கல்லூரிப் பெயரைக் கேட்பதற்கு முன், “செஞ்ச வேலை ஏதாவது காட்டு” என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் ப்ரோமெட்ரிக் பணத்தைத் தொடவே வேண்டாம். நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் கண்ணில் பட்டது. அந்த வீட்டில் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வருமானத்தை உயர்த்தும் வாய்ப்பு உள்ளவர் நீங்கள்தான், தம்பி அல்ல. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. தனியார் ஏஜென்டிடம் பணம் கட்டுமுன் அங்கே பதிவு செய்யுங்கள். நீங்கள் முதலில் ஏறினால் தம்பிக்குக் கடனில்லாமலே உதவலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் குடும்பமாக முடிவெடுத்து அந்தப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ப்பது என்றால், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை வற்புறுத்துங்கள். கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, வீட்டுப் பத்திரம் வெளியே போகக் கூடாது. அப்பாவும் இணைக் கடன்தாரராக இருக்க வேண்டும். ஹாஸ்டல் பணம் ஆண்டுக்காண்டு தேவைக்கேற்ப மட்டும் வாங்க வேண்டும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் கடன் வளராது, பல வங்கிகள் அப்படிக் கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் வரை சலுகையும் தருகின்றன. முதலில் பேசிய 9 லட்சக் கடனுக்கே கணக்குப் போட்டால் வட்டி முதல் ஆண்டு மாதம் 2,625, இரண்டாம் ஆண்டு 5,250, மூன்றாம் ஆண்டு 7,875. இந்தத் தொகைகளை இப்போதே மாதாமாதம் எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் தாண்ட முடியவில்லை என்றால் முடிவு தெரிந்துவிடும். வரன் வீட்டாரிடமும் பேச்சு முற்றும் முன்பே கடனைச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு சிபில் அறிக்கையைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் சங்கடம்.

கடைசியாக, “25,000 கட்டியாச்சே, இனி பின்வாங்க முடியாதே” என்ற கவலை. முடியும். யு.ஜி.சி.யின் 2018 அக்டோபர் அறிவிக்கை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். சேர்க்கைக்கு முறைப்படி அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பிறகு முதல் 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளுக்குள் 50. அதன்பின் ஒன்றும் வராது. சில ஆண்டுகளில் மாணவருக்கு இன்னும் சாதகமாகத் தனி உத்தரவும் வரும், இந்த ஆண்டு நிலவரத்தை யு.ஜி.சி. இணையதளத்தில் பாருங்கள். ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழையோ டி.சி.யையோ அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. தம்பி கையெழுத்தோடு விலகல் கடிதம் ஒன்று எழுதி, ரசீது நகலை இணைத்துப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஏஜென்ட் கையில் மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம்.